பிக்கப் வண்டிக்கு ஓர் இழுப்பறைப் பெட்டி

பிக்கப் வண்டியில் சாமான் ஏற்றுவது எளிது. வேண்டியதை வேண்டிய நேரத்தில் எடுப்பதுதான் பெரும்பாடு. அமெரிக்காவில் ஓடும் முழு அளவு பிக்கப்பின் பின்தொட்டி ஏறக்குறைய 2 மீட்டர் நீளமும் அரை மீட்டருக்குச் சற்று கூடுதலான ஆழமும் கொண்டது. முன்சுவர் ஓரமாக ஒதுங்கிவிட்ட ஒரு கருவிப் பையை எடுக்க, பின்கதவை இறக்கி, மேலே ஏறி, முட்டிபோட்டுப் போக வேண்டும். தொட்டிக்கு மூடி போட்டிருந்தால் அதுவும் முடியாது. இதற்கு அங்குள்ள தச்சர்களும் மின்பணியாளர்களும் கூடாரப் பயணிகளும் கண்ட வழி, தொட்டியின் தரை முழுவதையும் அடைக்கும் தாழ்வான ஒரு பெட்டி. அதில் பின்பக்கமாக இழுபடும் இரண்டு நீள இழுப்பறைகள் இருக்கும். பெட்டியின் மேற்பலகையே புதிய தரையாகிவிடும். சிறு சாமான் கீழே, பெரிய சாமான் மேலே.

இத்தகைய பெட்டிகள் ஆயத்தமாகவும் கிடைக்கின்றன. அமெரிக்காவின் டெக்ட் நிறுவனம் எஃகுச் சட்டத்தையும் பிளாஸ்டிக்கையும் கொண்டு செய்யும் பெட்டியில் ஓர் இழுப்பறைக்கு 200 பவுண்டு (சுமார் 90 கிலோ), மேல்தளத்துக்கு 2000 பவுண்டு (சுமார் 900 கிலோ) என்று தாங்குதிறன் குறிக்கப்படுகிறது. ஆனால் வீட்டுப் பட்டறையில் பிளைவுட்டை அறுத்துச் செய்துகொள்வோரும் ஏராளம். அந்த மரப்பெட்டியில் ஒளிந்திருக்கும் இயற்பியல், சமையலறை இழுப்பறையில் இருப்பதைவிடக் கடுமையானது. நீளம் அதிகம், சுமை அதிகம், நிற்கும் தரையோ ஓயாமல் குலுங்குகிறது.

பிக்கப்பும் பிளைவுட்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வளர்ந்தவை. 1905இல் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் டக்ளஸ் ஃபிர் மரத்தில் செய்த மூன்றடுக்குப் பலகை முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1925இல் ஃபோர்டு நிறுவனம் மாடல் டி வண்டியைத் தொழிற்சாலையிலேயே பின்தொட்டி பொருத்தி 281 டாலருக்கு விற்கத் தொடங்கியது. 1928இல் அமெரிக்க பிளைவுட் ஆலைகள் 4 அடிக்கு 8 அடி என்ற அளவை நிலைப்படுத்தின. 1934இல் ஜேம்ஸ் நெவின் என்ற வேதியியலர் நீரில் விடாத பசையை உருவாக்கிய பிறகே பிளைவுட் துணிந்து வீட்டுக்கு வெளியே வந்தது. இன்று முழு அளவு பிக்கப்புகளின் இரு சக்கரப் புடைப்புகளுக்கும் இடையே 4 அடிக்குச் சற்றுக் கூடுதலாகவே இடம் விடப்படுகிறது. ஒரு முழுத் தாள் பிளைவுட் படுக்கையாகக் கிடக்க வேண்டும் என்பதே காரணம். ஃபோர்டு எஃப்-150இல் அந்த இடைவெளி 50.6 அங்குலம், அதாவது சுமார் 128.5 செ.மீ. டொயோட்டா டகோமா போன்ற நடுத்தர வண்டிகளில் இது கிடைக்காது. அங்கே பலகையை ஒடுக்கித்தான் அறுக்க வேண்டும்.

எஃப்-150இன் ஆறரை அடித் தொட்டியை எடுத்துக்கொண்டால் கணக்கு அழகாக விழுகிறது. பெட்டியின் அகலம் 122 செ.மீ. என்று வைத்தால் அடிப்பலகைக்கும் மேற்பலகைக்கும் அகலவாக்கில் அறுப்பே இல்லை; நீளத்தை மட்டும் 195 செ.மீ.க்குக் குறைத்தால் போதும். இரு ஓரச் சுவர்களும் ஒரு நடுச் சுவரும் 18 மி.மீ. தடிப்பில் நின்றால் மீதமுள்ள இடம் 116.6 செ.மீ.; அதைப் பாதியாக்கினால் ஓர் அறைக்கு 58.3 செ.மீ. பெட்டியின் உயரம் சக்கரப் புடைப்பைவிடச் சற்று மிஞ்சும்படி 30 செ.மீ. அளவில் இருந்தால், இருபுறமும் புடைப்பின் மேலாகச் சிறு பலகைகளை நீட்டித் தொட்டியின் முழு அகலத்துக்கும் தளம் போட்டுவிடலாம். புடைப்புக்கு முன்னும் பின்னும் எஞ்சும் சந்துகளை வீணாக்காமல், தூக்கித் திறக்கும் மூடி வைத்துக் கயிறு, ஜாக்கி போன்றவற்றுக்கு ஒதுக்குவது வழக்கம். இந்த அளவுகளுக்கு 18 மி.மீ. பிளைவுட் மூன்று தாளும் 12 மி.மீ. இரண்டு தாளும் போதுமானவை.

நல்ல தேக்கோ ஓக்கோ இருக்க பிளைவுட் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. மரம் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பருக்கும், விட்டுச் சுருங்கும். இழையின் நீளவாக்கில் இந்த மாற்றம் கணக்கில் கொள்ளத்தக்கதல்ல. குறுக்குவாக்கிலோ மரத்தின் ஈரம் ஒரு விழுக்காடு மாறினாலே அகலம் 0.2 முதல் 0.3 விழுக்காடு வரை மாறும். குளிர்கால வறட்சிக்கும் மழைக்கால ஈரத்துக்கும் இடையே ஈரம் 6 விழுக்காடு மாறுகிறது என்று கொண்டால், 58 செ.மீ. அகல முழுமரப் பலகை கிட்டத்தட்ட 9 மி.மீ. விரியும். அப்படிப்பட்ட இழுப்பறை வறட்சியில் தளர்ந்து ஆடும், மழையில் இறுகிப் பூட்டிக்கொள்ளும். பிளைவுட்டில் அடுத்தடுத்த படலங்களின் இழைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகக் கிடக்கின்றன. ஒரு படலம் விரிய முயன்றால், நீளவாக்கில் அசையாத அடுத்த படலம் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அதனால் அதே அகலமுள்ள பிளைவுட் ஒரு மி.மீ. அளவே மாறும். படலங்களின் எண்ணிக்கை பெரும்பாலும் ஒற்றைப்படையாக இருப்பதும் இதனால்தான்: நடுப்படலத்துக்கு இருபுறமும் சமச்சீர் இருந்தால் பலகை ஒரு பக்கமாக வளையாது.

பால்டிக் பிர்ச் எனப்படும் பலகையில் 18 மி.மீ.க்குள் 13 படலங்கள் உண்டு. உள்ளே ஓட்டை இல்லை, விளிம்பு நெருக்கமானது, திருகாணி நன்றாகப் பிடிக்கும். அதற்குக் கொடுக்கும் விலை, எடை: ஒரு முழுத் தாள் சுமார் 36 கிலோ. ஃபிர் மரப் பிளைவுட் 27 கிலோவைச் சுற்றி நிற்கும். இழுப்பறைக்குப் பிர்ச், கூட்டுக்கு ஃபிர் என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு உகந்தது. எம்.டி.எஃப். பலகை இங்கே வேலைக்கு ஆகாது. பிர்ச்சைவிடக் கனம், அதோடு தண்ணீர் பட்ட இடம் ஊதிப் பொடிந்துவிடும். பலகையைத் தேர்கையில் பார்க்க வேண்டியது மேல்முகத்தின் அழகை அல்ல, பசையை. ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை நீருக்கு அசையாது. வீட்டு அறைகலன்களில் பயன்படும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை நாளடைவில் விட்டுவிடும். நம் ஊர்க் கடைகளில் மெரைன் பிளை என்று கேட்டு வாங்கப்படும் ஐ.எஸ். 710 தரப் பலகை, 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியாத பசைக்குச் சோதிக்கப்படுவது.

தடிப்பைப் பொறுத்தவரை நினைவில் வைக்க வேண்டியது ஒரே விதி: பலகையின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப உயரும். 12 மி.மீ.யை 18 மி.மீ. ஆக்கினால் தடிப்பு ஒன்றரை மடங்கு, விறைப்போ மூன்றே கால் மடங்குக்கு மேல். ஆனால் அதைவிட மலிவான வழி நடுச்சுவர். பரவலான சுமையின்கீழ் பலகை தொய்யும் அளவு, தாங்கல்களுக்கு இடைப்பட்ட தூரத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. தூரம் பாதியானால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஒரே பெரிய இழுப்பறை வைத்தால் இடம் மிச்சமாகுமே என்று நடுச்சுவரை எடுத்துவிடுவோர் 18 மி.மீ. பலகையின் பெருமையை அதோடு தொலைத்துவிடுகிறார்கள்.

இனி இழுப்பறை. 1.8 மீட்டர் நீளமுள்ள ஓர் இழுப்பறை, சாமானோடு சேர்த்து 60 கிலோ, எடை சீராகப் பரவியிருக்கிறது என்று கொள்வோம். பாதி நீளம், அதாவது 90 செ.மீ., வெளியே வரும்வரை அது உள்தரையில் நிம்மதியாகப் படுத்திருக்கும். அதற்குமேல் இழுத்தால் எடையின் மையம் பெட்டியின் விளிம்பைத் தாண்டுகிறது. அந்தக் கணத்திலிருந்து இழுப்பறை ஒரு சீசாப் பலகை. 1.2 மீட்டர் வெளியே வந்து 60 செ.மீ. உள்ளே இருக்கையில் எடை மையம் விளிம்பிலிருந்து 30 செ.மீ. வெளியே தொங்கும். அதைச் சமன்செய்ய இழுப்பறையின் வால் 30 கிலோ விசையோடு மேற்பலகையை முட்டும். விளிம்போ 60க்குப் பதில் 90 கிலோவைச் சுமக்கும். இன்னும் 30 செ.மீ. இழுத்து 1.5 மீட்டர் ஆக்கினால் கதை மாறிவிடுகிறது: வாலின் முட்டல் 120 கிலோ, விளிம்பின் சுமை 180 கிலோ. கடைசி ஒரு முழத்தில் விசைகள் இப்படித் தாவுவதால்தான், நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் உள்ளேயே நிற்கும்படி தடுப்புக்கட்டை வைப்பது நல்ல வழக்கமாயிற்று. திறந்த இழுப்பறையின் நுனியில் 70 கிலோ மனிதர் ஒருவர் உட்கார்ந்தால் வாலில் மேலும் 140 கிலோ சேரும். உட்காரக் கூடாது என்று எழுதி ஒட்டுவதைவிட, உட்காருவார்கள் என்று கணக்கிட்டே மேற்பலகையை இறுக்குவது புத்திசாலித்தனம். மேற்பலகை இங்கே தரை மட்டுமல்ல. கீழிருந்து வரும் முட்டலைத் தாங்கும் கூரையும்கூட. அதைச் சுவரோடு வெறும் ஆணியால் அடித்து நிறுத்தினால் ஆணி பிடுங்கிக்கொள்ளும்.

இழுப்பறை பாதியில் கோணிக்கொண்டு சிக்குவது எல்லார் வீட்டிலும் நடப்பது. இழுக்கும் கை நடுக்கோட்டில் இல்லாமல் ஓரமாக இருந்தால் இழுப்பறை சற்றே திரும்பும். குறுக்கெதிர் மூலைகள் இரண்டு பக்கச்சுவர்களை அழுத்தும். அழுத்தம் உராய்வாகும். கணக்கிட்டால் கிடைப்பது எளிய ஒரு நிபந்தனை: நடுக்கோட்டிலிருந்து கை விலகிய தூரத்தை உராய்வுக் குணகத்தின் இரு மடங்கால் பெருக்கிய தொகை, உள்ளே எஞ்சியிருக்கும் நீளத்தைவிட மிஞ்சினால், எவ்வளவு பலமாக இழுத்தாலும் இழுப்பறை நகராது. பலம் கூடினால் உராய்வும் அதே அளவு கூடிவிடும். மரத்தோடு மரம் உரசுகையில் குணகம் 0.4 என்றும், கை 30 செ.மீ. தள்ளி ஓரத்தைப் பிடித்திருக்கிறது என்றும் கொண்டால், உள்ளே 24 செ.மீ.க்குக் குறைவாக எஞ்சும்போது சிக்கும். 60 செ.மீ. உள்ளே நிற்கும் நம் இழுப்பறைக்கு இந்த ஆபத்து இல்லை. குறுகி நீண்ட இழுப்பறை ஒழுங்காக ஓடும், அகன்று குட்டையானது கோணும் என்று தச்சர்கள் அனுபவத்தில் சொல்வதன் கணக்கு இதுதான். நடுவில் ஒரே கைப்பிடி போதும்; இருபுறமும் இரண்டு வைத்தால் ஆள் ஒரு கையால் ஓரத்தைத்தான் இழுப்பார்.

எதன்மேல் ஓட வைப்பது என்பதில் மூன்று கட்சிகள் உண்டு. முதல் கட்சி, டெலஸ்கோபிக் சேனல். ஒன்றரை மீட்டர் நீளத்தில், ஜோடிக்கு 500 பவுண்டு தாங்கும் சேனல்கள் சந்தையில் இருக்கின்றன. வெண்ணெயாக ஓடும், இழுப்பறையை முழுதாக வெளியே விடும். ஆனால் பக்கத்துக்கு 19 மி.மீ. இடத்தை விழுங்கும், விலை அதிகம், இரு பக்கமும் துல்லியமாக இணையாக இருந்தாக வேண்டும், மண்சாலைப் புழுதி பேரிங் மசகில் ஒட்டிக்கொண்டால் கரகரக்கும். இரண்டாம் கட்சி, உருளைகள்: பெட்டியின் விளிம்பில் இரண்டு, இழுப்பறையின் வாலில் இரண்டு. மூன்றாவது, மிக உயர் மூலக்கூறு எடையுள்ள பாலித்தீன் பட்டைகளைத் தரையில் பதித்து அதன்மேல் நேராகச் சறுக்க விடுவது.

அறுபது கிலோ இழுப்பறையை வெறும் மரத்தின்மேல் நகர்த்த 24 கிலோ விசை தேவைப்படும். பாலித்தீன் பட்டையில் அது 9 கிலோ. நல்ல உருளையில் 2 கிலோவே. எண்களைப் பார்த்தால் உருளைதான் வெல்ல வேண்டும். ஆனால் வண்டி 10 விழுக்காடு சரிவில் நின்றால் இழுப்பறையைச் சரிவு தானாகவே 6 கிலோ விசையோடு இழுக்கும். உருளை அதைத் தடுக்காது. திறந்த இழுப்பறை தானே மூடிக்கொள்ளும், அல்லது மூடியது திறந்து தாடையில் அடிக்கும். பாலித்தீன் பட்டை அதே சரிவில் விட்ட இடத்தில் நிற்கும். உராய்வு இங்கே எதிரி மட்டுமல்ல, இலவசமாகக் கிடைக்கும் பிரேக்கும்கூட. வீட்டில் செய்வோருக்குப் பட்டையே ஏற்றது: மலிவு, புழுதிக்கு அஞ்சாது, சுமையை ஒரு புள்ளியில் குவிக்காமல் பரப்பும். இழுப்பறை கடைசியில் கனப்பதாகத் தோன்றுவது பழுதல்ல. விளிம்பில் 90 கிலோவும் வாலில் 30 கிலோவும் அழுத்துவதால் உராய்வு இரட்டிப்பாகிவிடுகிறது. பட்டையில் கவனிக்க வேண்டியது வெப்பவிரிவு. பாலித்தீன் மரத்தைவிடப் பல மடங்கு விரியக்கூடியது. 1.8 மீட்டர் பட்டை, உறைபனிக் காலத்துக்கும் கொளுத்தும் கோடைக்கும் இடைப்பட்ட 50 பாகை மாற்றத்தில் ஒரு செ.மீ.க்கு மேலேயே நீளும். ஒரு முனையை இறுக்கி, மற்ற துளைகளை நீள்துளைகளாக வெட்டினால்தான் அது அலையலையாக மேலெழும்பாது.

வண்டி ஓடத் தொடங்கியதும் விசைகளின் திசை மாறுகிறது. திடீர் பிரேக்கில் இழுப்பறை முன்சுவரை மோதும். ஏற்றத்தில் வேகமெடுக்கையில் பின்கதவை நோக்கி வரும். 20 விழுக்காடு ஏற்றத்தில் வண்டி சற்று வேகமாகக் கிளம்பினால், நம் 60 கிலோ இழுப்பறையின் கொக்கிமேல் 30 கிலோ விசை விழலாம். பின்கதவு தடுக்குமே என்று கொக்கியைத் தவிர்ப்பது தவறு. கதவை இறக்கியதும் மொத்தமும் ஆளின்மேல் பாயும். விபத்துக் கணக்கு வேறு மாதிரி. மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி 60 செ.மீ. நசுங்கி நிற்கிறது என்றால், சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பைப் போல 15 மடங்கு. சாமானோடு 200 கிலோ எடையுள்ள பெட்டி அப்போது 3 டன் விசையோடு முன்னே பாயும். ஆகவே பெட்டியைத் தொட்டியின் முன்சுவரோடு ஒட்டி வைத்து, கீழே குறைந்தது நான்கு போல்ட்டுகளால் தொட்டியோடு பிணைக்க வேண்டும். இத்தகைய இடங்களில் போல்ட் அறுவது அரிது. பலகையோ தகரமோதான் கிழியும். அகன்ற வாஷர்கள் அந்த விசையைப் பரப்பவே இருக்கின்றன. புதிதாகத் துளையிடுவதற்கு முன் வண்டிக்குக் கீழே படுத்துப் பார்ப்பது கட்டாயம்: பல பிக்கப்புகளில் எரிபொருள் தொட்டி சரியாக அந்தத் தகட்டுக்கு அடியில்தான் இருக்கிறது.

துளையிட்ட இடம் துருவின் வாசல். எஃகுத் தொட்டியானால் துளையின் விளிம்புக்குப் பெயின்ட் பூசினால் போதும். 2015 முதல் எஃப்-150இன் உடல் அலுமினிய உலோகக்கலவையால் ஆனது. அங்கே சிக்கல் வேறு. எஃகு போல்ட்டும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்க, பனிக்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பு கரைந்து நடுவில் புகுந்தால், அது ஒரு மின்கலமாகி அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும். நைலான் வாஷரோ ரப்பர் திண்டோ வைத்து இரண்டையும் பிரிப்பதே மருந்து. இதே காரணத்தால், பூச்சிக்கும் அழுகலுக்கும் எதிராக வேதிப்பொருள் ஏற்றிய மரத்தை அடிச்சட்டமாக வைப்பதும் நல்லதல்ல. அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்தில் ஆர்செனிக் கலந்த பதப்படுத்தல் 2003 இறுதியோடு கைவிடப்பட்டு, செம்பு மிகுந்த கலவைகள் வந்தன. ஈரத்தில் அந்தச் செம்பு கசிந்து அலுமினியத்தையும் துத்தநாகப் பூச்சையும் தின்றுவிடும். நீடிக்கட்டும் என்று போட்ட கட்டை வண்டியின் தரையை ஓட்டையாக்கும்.

மூட்டுகளில் பலருக்கும் தெரியாத எதிரி, முறுக்கம். பிக்கப்பின் அடிச்சட்டம் கரடுமுரடான பாதையில் சற்றே முறுகும்; தொட்டியும் கூடவே. பின்பக்கம் முழுதும் திறந்திருக்கும் பெட்டியில் சுவர்கள் சாய்சதுரமாகச் சரிவதைத் தடுப்பவை முன்பலகையும் மேற்பலகையும் மட்டுமே. முன்பலகையை மெல்லிய தட்டியாக வைக்காமல் 18 மி.மீ. பலகையில் போட வேண்டும். சுவர்களை நிறுத்த அடிப்பலகையிலும் மேற்பலகையிலும் 5 மி.மீ. ஆழக் காடி எடுத்து, பசையிட்டு, பிறகு திருகாணி போட்டால் சுமை பலகையின் உடலுக்குப் போகும்; காடி இல்லாவிட்டால் மொத்தமும் திருகாணியின் தலையில். பிளைவுட்டின் விளிம்புக்குள் ஏறும் திருகாணி படலங்களைப் பிளக்கப் பார்க்கும் என்பதால் முன்துளை அவசியம். இழுப்பறைக்கும் சுவருக்கும் பக்கத்துக்கு 3 மி.மீ. இடைவெளி விடுவது ஈரத்துக்காக மட்டுமல்ல, இந்த முறுக்கத்துக்காகவும்தான். குலுக்கலில் தளராதிருக்க, கழற்ற வேண்டிய இடங்களிலெல்லாம் நைலான் வளையமுள்ள நட்டுகள் தேவை.

தண்ணீர் எப்படியும் உள்ளே வரும்; மூடி போட்ட தொட்டியிலும் வரும். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அழுகல் பூஞ்சை வளராது. ஆக, நனையாமல் காப்பதைவிட நனைந்தது சீக்கிரம் காயும்படி செய்வதே முக்கியம். பெட்டி தகட்டின்மேல் ஒட்டிக் கிடக்காமல் ஒரு விரல் தடிப்புள்ள ரப்பர் திண்டுகளின்மேல் நிற்க வேண்டும்; தொட்டியின் வடிகால் துளைகளை அடைக்கக் கூடாது. அறுத்த விளிம்பு பலகையின் முகத்தைவிடப் பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும் என்பதால் எபாக்சியோ பாலியூரிதேனோ அங்கே இரண்டு மூன்று கோட் போக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அடிமுகத்துக்கும் மேல்முகத்துக்கு இணையாகப் பூச்சு வேண்டும். ஒரு முகம் மட்டும் ஈரம் குடித்தால் பலகை வளையும். மேல்தளத்தில் கம்பளம் ஒட்டுவது அழகு, சாமான் வழுக்காது, ஒலியும் குறையும். ஆனால் ஒழுகும் மூடிக்குக் கீழே அது நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அங்கே தொட்டிகளுக்கு அடிக்கும் சொரசொரப்பான பாலியூரிதேன் பூச்சே மேல்.

கடைசியாக எடை. மேற்சொன்ன அளவுகளில் பெட்டி காலியாகவே 100 முதல் 130 கிலோ வரை வரும். அமெரிக்க வண்டிகளில் ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு எடை ஏறலாம் என்பது ஓட்டுநர் கதவோரச் சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண் 1500 பவுண்டு, அதாவது 680 கிலோ என்று கொண்டால், நான்கு பேர் ஏறியதும் 360 கிலோ மிஞ்சும். பெட்டிக்கு 115 போனால் 245. இழுப்பறைகளில் 150 கிலோ கருவி வைத்தால், மேல்தளத்தில் வைக்க எஞ்சுவது 95 கிலோ. மேற்பலகை 900 கிலோவைத் தாங்கலாம். அது பலகையின் கணக்கு. அச்சுக்கும் டயருக்கும் பிரேக்குக்கும் கதவோரச் சீட்டில் இருக்கும் எண்தான் எல்லை. பலகை வாங்கப் புறப்படும் முன் அந்தச் சீட்டைப் படித்துவிட வேண்டும்.